யாரும் தட்டாத வரி

பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்றில் நான் ஒருமுறை பேசினேன். அந்தப் பேச்சில் நான் அடுக்கிய காரணங்கள் எல்லாம் தப்பு என்று எனக்குத் தெரியும். எது எந்த வகைத் தப்பு என்றுகூடத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசினேன். அந்தத் தப்புகளைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த டீச்சருக்கு எதிராகவே பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

உங்களில் பலர் அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள். உங்களுக்குக் கைதட்டல் மட்டும் ஞாபகம் இருக்கும். நமக்கெல்லாம் தலை நரைத்து, மாத்திரைகளைக் காலைக்கு வேறு இரவுக்கு வேறு என்று பிரித்து வைத்துக்கொள்கிற வயது வந்துவிட்டது. இதை இன்னும் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்த வருஷம் அது. கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கச்சேரி ரோட்டில் நடந்தால் சிமெண்டுத் தூசி பல்லில் கடிபடும். மாடிக்கு மாடி கேபிள் கறுப்பாகத் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பிரசவத்துக்கு விடுப்பில் போக, அந்த இடத்துக்கு இவர் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அப்போது நமக்கு அது பெரிய வயது. பருத்திப் புடவை, தோளில் ஒரு ஜோல்னா பை, அதற்குள் எப்போதும் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நன்னெறி வகுப்பு. யாருக்கும் வேண்டாத வகுப்பு என்பதால் புதிதாக வந்தவர் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் வெள்ளிக்கிழமை அவர் கரும்பலகையில் ‘வாய்மை’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது, பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி ஆட்டோ ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. “சென்னையே திரண்டு வருகிறது! நீங்கள் மட்டும் வராமல் இருக்கலாமா?” என்று ஒலிபெருக்கி கத்தியது. டீச்சர் சாக்பீசைக் கீழே வைத்தார்.

“கேட்டீங்களா? சென்னையே போய் வாங்கினா, சாயம் போற புடவை சாயம் போகாத புடவையா ஆயிடுமா?”

சைதாப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வந்து போகிற நம் நண்பன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். “டீச்சர், எங்கம்மா க்யூவைப் பாத்துச்சுன்னா மொதல்ல போய் நின்னுக்கும். அப்பாலதான் கேக்கும், இங்க இன்னா குடுக்குறாங்கன்னு.”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அன்றிலிருந்து அதற்கு ‘க்யூ தப்பு’ என்று பெயர். பத்துப் பேர் செய்கிறார்கள் என்பதையே காரணமாகச் சொன்னால் க்யூ தப்பு. ‘வாய்மை’ பலகையிலேயே இருந்தது. அதை யாரும் அழிக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். நாம் வாரம் முழுக்கக் காதில் விழுந்ததைக் கொண்டுவருவோம். குளக்கரையில் பல்பொடி விற்கிறவர் சொன்னது, டி.வி.யில் டாக்டர் கோட்டு மாட்டிய நடிகர் சொன்னது, மாநகராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் சொன்னது. ஒருவர் அதை அப்படியே பேசிக் காட்ட வேண்டும். மற்றவர்கள் டிபன் மூடியை ஒரு கையில், ஸ்பூனை மறு கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். காரணம் எங்கே வழுக்குகிறதோ அங்கே ஒரு தட்டு. டிங். பேசுகிறவர் நிறுத்த வேண்டும். தட்டியவர் எழுந்து நின்று என்ன தப்பு என்று சொல்ல வேண்டும். தப்பை மட்டும் சொன்னால் போதாது, பேசியவர் சொல்ல வந்ததில் எது சரி என்பதையும் சொல்ல வேண்டும். “தட்டறது சுலபம். எழுந்து நிக்கறதுதான் கஷ்டம்” என்பார் டீச்சர்.

அந்த மூடிகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடையில் பாத்திரம் வாங்கியதும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்கள். என் மூடியில் என் பெயர் இல்லை, அக்காவின் பெயர். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன டப்பா அது. விளிம்பில் ஓர் இடத்தில் நசுங்கியிருந்ததால் அதன் சத்தம் மற்ற மூடிகளைவிடக் கொஞ்சம் மந்தமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே டீச்சர் சொல்வார், யார் தட்டியது என்று.

இன்னொரு நாள் டீச்சர் கேட்டார். “தினமும் எங்க வீட்டுக்குப் பால்காரர் வர்றார். அவர் வந்த கொஞ்ச நேரத்துல விடியுது. ஒரு நாள் அவர் லீவு போட்டா என்ன ஆகும்?”

“இருட்டாவே கெடக்கும் டீச்சர்!” என்றான் சைதாப்பேட்டைக்காரன்.

ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால், முதலாவதுதான் அதற்குக் காரணம் என்று சொல்வதற்குப் ‘பால்காரர் தப்பு’ என்று பெயர் வைத்தோம். இதைச் செய் அல்லது நாசமாகப் போ என்று இரண்டே வழி காட்டுவதற்கு ‘ரெண்டு கதவு’. பேச்சை விட்டுவிட்டுப் பேசுகிற ஆளைப் பிடித்துக்கொள்வதற்குச் ‘சட்டைத் தப்பு’. சட்டைத் தப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் டீச்சர் சிரிக்கமாட்டார். “மத்த தப்புல பேச்சுதான் அடிபடும். இதுல ஒரு மனுஷர் அடிபடுவாங்க.”

அவர் இன்னொரு விதியும் சொல்லியிருந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. “இந்த ரூமுக்கு வெளியே தட்டாதீங்க. வீட்டுல உங்க அப்பா பேசறது பேச்சுப் போட்டிக்கு இல்ல. உள்ளுக்குள்ள கேட்டுக்கோங்க, போதும்.”

இந்த விதியை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அப்போது நண்பர்கள் அதிகம் கிடையாது. உங்களோடு சேர்ந்து சிரித்தேன், சேர்ந்து விளையாடவில்லை. நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற பையன். பரிசு வாங்குகிற பையனைக் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். வீட்டில் அக்காதான் என் உலகம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவள் தலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் எதிரே நின்று பேசிப் பழகுவேன். வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே அவள் திருத்துவாள். “இங்க நிறுத்து. ஒரு மூச்சு விடு. அப்புறம் சொல்லு. அப்பத்தான் கைதட்டுவா.” முக்கியமான வரிக்கு முன்னால் நிறுத்த எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

ஐப்பசியில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். தி. நகரிலிருந்து ஒரு குடும்பம். அம்மா காலையிலிருந்து நெய்யில் கேசரி கிளறினாள். வீடெல்லாம் ஏலக்காய் வாசனை. வெளியே மழை. வந்தவர்களின் குடைகள் நடையில் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருடைய மாமாதான் எல்லாவற்றையும் பேசினார்.

“எங்க ஆத்துக்கு நாட்டுப்பொண் வந்தாலே யோகம் சார். பெரியவனுக்குக் கல்யாணம் ஆச்சு, அடுத்த மாசமே ப்ரமோஷன். எல்லாம் அந்தப் பொண்ணோட ராசி.”

என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. ஸ்பூன் பக்கத்திலேயே கேசரித் தட்டில் இருந்தது. நான் தட்டினேன். டிங்.

எல்லோரும் திரும்பினார்கள். விதிப்படி எழுந்து நின்றேன்.

“இது பால்காரர் தப்பு மாமா. பால்காரர் வரார், விடியறது. அதுக்காகப் பால்காரரா சூரியனைக் கொண்டு வரார்?”

மாமா முதலில் சிரித்தார். “பலே, பையன் வக்கீலா வருவான் போல இருக்கே!” அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் மாமா சொன்னார், “ஒண்ணு தையிலேயே கல்யாணத்தை வெச்சுக்கணும், இல்லேன்னா விட்டுடணும். நடுவுல ஒண்ணும் கிடையாது.” டிங். “ரெண்டு கதவு, மாமா! மாசில வெச்சுண்டா என்ன?”

“டேய், சும்மா இருடா” என்றார் அப்பா.

“இதுவரைக்கும் நாங்க பார்த்த பொண்கள் எல்லாருமே எங்க பையனைப் பிடிச்சிருக்குன்னுதான் சொல்லியிருக்கா. அதனால உங்க பொண்ணுக்கும்...”

மூன்றாவது தடவை தட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“ரொம்ப புத்திசாலிப் பையன் சார். ஆனா இப்படி ஒரு மச்சினன் இருக்கற ஆத்துல எங்க பையன் எப்படி வாயைத் திறப்பான்?”

அந்த மாப்பிள்ளை அதுவரை வாயைத் திறக்கவே இல்லை என்பதைச் சொல்ல என் நாக்கு துடித்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கத்தவில்லை, திட்டவில்லை. நான் அறைக்குள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாதம் போடும்போதுகூட என்னைப் பார்க்கமாட்டாள். நான் மொட்டை மாடிக்குப் போனால் அவள் கீழே இறங்கிவிடுவாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் விட்டுப்போன ஹேர்பின் ஒன்று மழையில் துருப்பிடித்துக்கொண்டே கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் பேசுவாளோ என்று நினைத்தேன். எடுத்துக் கொடுக்கவும் பயம். அந்த மழைக்காலம் முழுவதும் எதிரே யாரும் இல்லாமல் தொட்டியைப் பார்த்துப் பேசிப் பழகினேன்.

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, வேறு சில வீடுகளிலும் தட்டல் நடந்திருந்தது. நம்மில் ஒருத்தி கோயில் சொற்பொழிவில் பிரசாதத் தொன்னையை வைத்துவிட்டுத் தரையில் தட்டியிருக்கிறாள். இன்னொருவன் தாத்தா பேசும்போது தட்டியிருக்கிறான். கார்த்திகையில் தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டம் கூட்டினார். டீச்சரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்பதை அந்த மாதம்தான் முடிவு செய்யப்போகிறார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். டீச்சரே ஒருநாள் சொல்லியிருந்தார், “வேலை பர்மனென்ட் ஆச்சுன்னா எல்லாருக்கும் ஐஸ்கிரீம்.”

மாணவர்கள் சார்பில் யாராவது பேசட்டும் என்றார் தலைமையாசிரியர். அப்பா என் தோளில் கை வைத்தார்.

“நீ பேசு. நீ பண்ணினதை நீயே சரி பண்ணு. அக்காவும் வரா, அவளும் கேக்கட்டும்.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். நான் பேசிச் சரிசெய்துவிட்டால் அக்கா என்னோடு பேசுவாள். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான். டீச்சரின் வேலை அதற்கு விலை என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

கூடத்தில் டியூப்லைட்டுகள் ரீங்கரித்தன. ஈரக் குடைகளின் வாடை. நீங்கள் எல்லாம் வலது பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் பைகள். பைகளுக்குள் டிபன் டப்பாக்கள். டீச்சர் ஓரத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அம்மாவுக்குப் பின்னால், தலை குனிந்து.

நான் மைக்கைப் பிடித்தேன். ஆடியில் இந்த வகுப்பு தொடங்கியது, ஐப்பசியில் என் அக்காவின் சம்பந்தம் முறிந்தது, ஆகவே வகுப்பால்தான் முறிந்தது என்றேன். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினேன். பால்காரர் தப்பு. குழந்தைகூடச் சொல்லும். யாராவது தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். டியூப்லைட் சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவர்களுக்கு மரியாதையா, குதர்க்கமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றேன். ரெண்டு கதவு. நிறுத்தினேன். யாரும் தட்டவில்லை. இங்கே கூடியிருக்கும் இத்தனை பெற்றோரும் தவறாகவா நினைப்பார்கள் என்றேன். க்யூ. யாரும் தட்டவில்லை. வீட்டில் தட்டக் கூடாது என்று டீச்சர் சொன்னதை நான் சொல்லவில்லை. “தட்டச் சொல்லிக்கொடுத்தது யார்?” என்று மட்டும் கேட்டேன். அது பொய் இல்லை. பொய்யைவிட மோசம்.

அப்புறம் அந்த வரி. அதை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அப்பா சொல்லித்தரவில்லை. அக்கா கற்றுக்கொடுத்தபடி நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, டீச்சர் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

“கல்யாணமே ஆகாத டீச்சருக்குக் கல்யாண வீட்டைப் பற்றி என்ன தெரியும்?”

கூடம் அதிர்ந்தது. அப்பாக்கள் சிரித்தார்கள், அம்மாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், தலைமையாசிரியர் சிரிப்பை அடக்க மேசையைப் பார்த்தார். பிறகு கைதட்டல். டீச்சரின் பக்கத்தில் ஸ்டூலில் ஒரு தண்ணீர் டம்ளர் இருந்தது. அவர் கை அதன்மேல் இருந்தது. விரல்கள் அசையவில்லை. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படி இறங்கும்போது சைதாப்பேட்டைக்காரன் என் பக்கத்தில் வந்தான். அவன் முகம் சரியில்லை.

“மூணு வாட்டி கை போச்சுடா பைக்குள்ள. ஸ்பூனு டிபனுக்குள்ள மாட்டிக்கிச்சு மச்சி.”

“மாட்டிண்டுதா?”

அவன் இன்னும் இரண்டு படி இறங்கினான். “மாட்டல” என்றான்.

உங்களில் ஒருவர் தட்டியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு தப்புதான். அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை. பேசியவன் நான். நீங்கள் குழந்தைகள். நானும் குழந்தைதான், ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது டீச்சர் இல்லை. நன்னெறி வகுப்பில் பழையபடி நீதிக்கதை வாசித்தார்கள். அப்பா எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். அக்கா பேசவில்லை. அடுத்த வருஷம் வடபழனியில் கல்யாணமாகிப் புக்ககம் போகும் நாள் வரைக்கும் அவள் என்னோடு பேசியது ‘தள்ளிக்கோ’, ‘பால் பொங்கறது பார்’ போன்ற வார்த்தைகள்தான்.

அக்கா முதன்முதலாக அதைப் பற்றிப் பேசியது, பல வருஷம் கழித்து அப்பா காலமாகி, அவருடைய பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம். நான் கட்டாமலே விட்டுப்போன அந்தக் கைக்கடிகாரம் அதற்குள் அகப்பட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“எதுக்கு?”

“உன் சம்பந்தம் என்னால முறிஞ்சுது. அதனாலதானே நீ என்னோட பேசலை.”

“அசடு. நீ தட்டினயே, அப்போ எனக்குச் சிரிப்பு பொத்துண்டு வந்துது. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கவே இல்லைடா. உன் மூஞ்சியைப் பார்த்தா சிரிச்சுடுவேன். சிரிச்சா அப்பாக்குத் தெரிஞ்சுடும், எனக்கு சந்தோஷம்னு. அதான் பார்க்காமலே இருந்தேன். அப்புறம்...” அவள் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அப்புறம் நீ அந்தக் கூட்டத்துல பேசினே. அதுக்கப்புறம் நிஜமாவே உன்னோட பேசத் தோணலை. அந்த இடத்துல நிறுத்தச் சொல்லிக்கொடுத்தது நான்தானேன்னு இருந்துது.”

அவள் மௌனம் என் தட்டலுக்குப் பின்னால் வந்தது, ஆகவே என் தட்டலால் வந்தது என்று நம்பி, அந்த நம்பிக்கைக்காக ஒருவரை விற்றிருந்தேன். பால்காரர் தப்பை வகுப்பிலேயே முதலில் கண்டுபிடித்துச் சபாஷ் வாங்கியவன் நான்.

டீச்சர் நங்கநல்லூரில் இருக்கிறார் என்று சைதாப்பேட்டைக்காரன்தான் சொன்னான். அவன் இப்போது டயர் கடை வைத்திருக்கிறான். அவருடைய ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டியிருக்கிறான். “உன்னியும் கேட்டாங்க நைனா, நல்லா கீறானான்னு.” அதைக் கேட்டதும் போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. போனேன்.

கதவைத் திறந்தவரின் தலை முழுவதும் வெளுத்திருந்தது. அடையாளம் தெரிந்த அந்த நொடியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய கழுத்தைப் பார்த்தேன். வாசலில் ஆண் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும். நான் என்ன பார்த்தேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது நமக்கு வேண்டியதில்லை. அன்றும் வேண்டியிருந்ததில்லை.

அவர் தண்ணீர் கொடுத்தார். நான் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். “டீச்சர், என் பேச்சாலதான் உங்க வேலை போச்சு.”

அவர் தன் டம்ளரை நகத்தால் ஒருமுறை தட்டினார். டிங். நான் கிட்டத்தட்ட எழுந்து நின்றுவிட்டேன்.

“அது உனக்கு எப்படித் தெரியும்? லீவுல போனவங்க சீக்கிரமே திரும்பி வர்றதா சொல்லியிருந்தாங்க. தலைமையாசிரியருக்கு என்னை முதல்லேர்ந்தே பிடிக்காது. உன்னாலயும் இருக்கலாம். எனக்கே தெரியாதப்போ நீ எப்படி முடிவு பண்ணின?”

எனக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. அதை அவர் பார்த்துவிட்டார்.

“இரு. அதோட தப்பிச்சுக்காத. வேலை போனது ஒண்ணு. நீ அந்த வரியைச் சொன்னது வேற ஒண்ணு. வேலைக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அந்த வரி உன்னோடது மட்டும்தான்.”

“அன்னிக்கு உங்க கையில டம்ளர் இருந்தது டீச்சர். நீங்க ஏன் தட்டலை?”

“தட்டினா எழுந்து நிக்கணும்ல? அத்தனை பேர் சிரிக்கறப்போ, எனக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு எழுந்து நின்னு விளக்கம் சொல்லணுமா நான்?”

ஜன்னலுக்கு வெளியே ஒரு காய்கறி வண்டி கூவிக்கொண்டு போனது. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். “எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு” என்றார்.

பழைய மாணவர்கள் கூட்டம் நடந்தபோது நான் மைக்கைக் கேட்டு வாங்கியது இதற்காகத்தான். நீங்கள் நினைத்தது போல நகைச்சுவை நிகழ்ச்சிக்காக அல்ல. அதே கூடம். டியூப்லைட்டுகள் போய் வேறு விளக்குகள் வந்துவிட்டன. அன்று பேசியதை அப்படியே பேசி, ஒவ்வொரு இடத்திலும் என்ன தப்பு என்று நானே சொல்லிக்கொண்டே போனேன். பால்காரரைச் சொன்னபோது ஞாபகம் வந்து ஆரவாரித்தீர்கள். கடைசியாக அந்த வரிக்கு வந்தேன். இது நான் செய்த குற்றம் என்று சொல்லப் போகிறேன், அதற்கு முன்னால் அந்த வரியைச் சொல்ல வேண்டும். சொன்னேன்.

நீங்கள் சிரித்தீர்கள். அதே இடத்தில், அதே அளவு. அன்று உங்கள் அப்பாக்கள் சிரித்த மாதிரியே. அதற்குப் பிறகு நான் சொன்ன மன்னிப்பு சிரிப்புக்குள் போய்விட்டது. உங்கள் கைகளில் காகிதத் தட்டுகள். தட்ட நினைத்திருந்தாலும் சத்தம் வந்திருக்காது. கீழே இறங்கியதும் சைதாப்பேட்டைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான், “மச்சி, அந்த லைன் இன்னும் நிக்குதுடா.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

டீச்சருக்குப் போன் செய்தேன். “சொன்னேன் டீச்சர். சிரிச்சாங்க.”

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“வரிக்கு முன்னாடி நிறுத்தினியா?”

யோசித்துப் பார்த்தேன். நிறுத்தியிருந்தேன். ஒரு மூச்சு விட்டிருந்தேன்.

“நிறுத்தினேன்.”

“அப்போ சிரிக்கத்தான் செய்வாங்க. நீ இன்னும் நல்லாத்தான் பேசற.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “இனிமே பேசாத. எழுது. எழுத்துல எங்க நிறுத்தணும்னு உனக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்ல.”

ஆகவே எழுதினேன். இதன் பிரதி ஒன்றை அவருக்கும் அனுப்புகிறேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது உண்மையாக இருக்காது.

அக்காவின் பெயர் வெட்டிய அந்த மூடி எப்போதோ பழைய பாத்திரத்தோடு போய்விட்டது. உங்கள் வீட்டிலும் இருக்காது. ஆனால் மேலே அந்த வரியைப் படித்தபோது உங்கள் உதட்டோரம் ஏதாவது அசைந்திருந்தால், கையெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர் இருந்தால், ஒரே ஒருமுறை தட்டுங்கள். எனக்குக் கேட்காது. தட்டியவர் எழுந்து நிற்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.